ஆளில்லாத இடத்துக்கு ஒரு பந்து

அமிர்தநாதனுக்கு எறியத் தெரியும். தூரமாக எறியவும் தெரியும். தூரமாக ஓடிக்கொண்டிருக்கிற ஓர் ஆளுக்கு எறியத்தான் தெரியாது. அவன் எடுத்துக்கொண்ட வேலையோ அதுதான்.

வால்தம்ஸ்டோ ஹெரன்ஸ் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்கு அவன் குவாட்டர்பேக். ஒவ்வொரு முறையும் பந்து முதலில் அவன் கைக்கு வரும். எதிராளிகள் பாய்ந்து வந்து அவனைப் புல்லோடு புல்லாக அமுக்குவதற்குள் அதை யாரிடம் சேர்ப்பது என்று முடிவுசெய்து எறிந்துவிட வேண்டும். கிட்ட நிற்கிறவனுக்கு எறிந்தால் ஊசியில் நூல் கோத்ததுபோலப் போகும். மறுகோடியை நோக்கி ஓடுகிறவனுக்கு எறிந்தால் மட்டும் பந்து பிந்திப் போய் அவன் முதுகுப் பக்கம் விழும். ஓடியவன் நின்று, திரும்பி, தேடுவதற்குள் எதிரணிக்காரன் ஒருவன் அதை அணைத்துக்கொண்டு போய்விடுவான். இது ஊரெல்லாம் தெரிந்துபோயிற்று. 'இவனால் தூரப் பந்து போட முடியாது' என்று எதிரணிகள் எல்லாம் நெருங்கி வந்து முன்னாலேயே குவிந்து நின்றன. அதனால் கிட்ட எறிவதும் கெட்டது.

ஞாயிறு மாலைகளில் நாலாவது சேனலில் இந்த விளையாட்டைக் காட்டத் தொடங்கியதிலிருந்து லண்டனுக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. தோளுக்குப் பஞ்சு மூட்டை, தலைக்குக் கவசம் என்று தபால்காரனும் பஸ் ஓட்டுகிறவனும் பூங்காக்களில் மோதிக்கொண்டு திரிந்தார்கள். அமிர்தநாதன் அதற்குள் போனது தற்செயலாகத்தான். பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் முடிந்து பூங்கா வழியாக நடந்து வந்தவனின் காலடிக்கு ஒரு நீள்முட்டைப் பந்து உருண்டு வந்தது. யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூட அணியில் எல்லைக்கோட்டில் நின்று விக்கெட் காப்பவனின் கைக்கு நேரே எறிந்து பழகிய கை அது. எடுத்து எறிந்தான். பயிற்சியாளர் டெனிஸ் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அடுத்த கிழமையே அமிர்தநாதன் 'நேட்' ஆகிவிட்டான். அவ்வளவு நீளப் பெயரை அவர்களுடைய அவசரத்துக்குக் கூப்பிட முடியுமா!

அது நடந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. 1988 ஆவணி மாதத்து ஒரு வியாழக்கிழமை, பயிற்சி முடிந்த பிறகு டெனிஸ் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர், சுற்றி வளைக்கத் தெரியாதவர்.

"நேட், ஞாயிற்றுக்கிழமை சட்டன் அணிக்காரரோடு ஆட்டம். நீதான் தொடங்குவாய். இடைவேளைக்குள் ஒரு தூரப் பந்தாவது போய்ச் சேரவில்லை என்றால் கெவினை இறக்குவேன். அதற்குப் பிறகு அவன்தான்."

கெவின் அமெரிக்காவில் படித்துவிட்டு வந்தவன். தோள் அகலம். பந்தை எறிந்தால் விசிலடித்துக்கொண்டு போகும். பொல்லாதவனாக இருந்தாலாவது கோபப்பட்டு ஆறலாம். அவனோ தங்கமான பையன்.

இது அமிர்தநாதனுக்கு வெறும் விளையாட்டு இல்லை. பெட்ரோல் நிலையத்தில் நாள் முழுக்க "எந்தப் பம்ப், சேர்?" என்று அவன்தான் மற்றவர்களைக் கேட்க வேண்டும். அகதி மனுவுக்கு உள்துறை அலுவலகம் இன்னும் பதில் சொல்லவில்லை. இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் அவன் யாராவது சொல்லும்வரை காத்திருக்கிறவன். மைதானத்தில் மட்டும் பத்துப் பேர் அவனைச் சுற்றிக் குனிந்து நின்று அவன் என்ன சொல்லப்போகிறான் என்று காது கொடுப்பார்கள். லண்டனில் அவனுடைய சொல்லுக்கு ஆட்கள் அசைகிற ஒரே இடம் அதுதான். அதை இழக்க அவனுக்கு மனம் இல்லை.

வீட்டுக்கு வந்து மனைவி இம்மாகுலேற்றிடம் ஒப்பாரி வைத்தான். காற்றுச் சரியில்லை, பந்தின் வடிவம் சரியில்லை, சப்பாத்து வழுக்குகிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். அவள் பருப்புக்குத் தாளித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"சனிக்கிழமை வின்ஸ்டனோடை பழகிப் பாக்கலாம்தானே?"

"அவனுக்குச் சனிக்கிழமை பஸ் ஷிப்ட். வர ஏலாது."

"அப்ப நான் வாறன்."

அவன் சிரித்துவிட்டான். வின்ஸ்டன்தான் அணியில் தூரமாக ஓடிப் பந்து பிடிக்கிறவன், மானைப் போல ஓடுவான். அவனுக்குப் பதிலாக இவளா? இம்மாகுலேற் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். கொன்வென்ர் பள்ளிக்கூடத்தில் அவள் நெட்போல், அதாவது வலைப்பந்து, அணித் தலைவி. கலியாணம் பேசும்போது அதையும் சொன்னார்கள். அவன்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் இருவரும் பூங்காவுக்குப் போனார்கள். அவள் அவனுடைய ட்ராக்சூட்டைக் காலில் மடித்துவிட்டு, மேலே கார்டிகன் போட்டு, கையில் உடுப்புத் தோய்க்கிற பிளாஸ்டிக் கூடையோடு வந்தாள். கூடையைக் கொண்டுபோய்த் தூரத்தில் புல்லில் வைத்தாள்.

"இதுக்குள்ளை எறியுங்கோ பாப்பம்."

எறிந்தான். முதலாவது பக்கத்தில் விழுந்தது. அடுத்தது விளிம்பில் பட்டுக் கூடையைக் கவிழ்த்தது. பிறகு கூடையும் பந்தும் சொந்தக்காரர் ஆகிவிட்டன. நாயைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு கிழவர் நின்று கைதட்டிவிட்டுப் போனார்.

"கையிலை ஒரு பிழையும் இல்லை. இப்ப நான் ஓடுறன், எனக்கு எறியுங்கோ."

அவள் ஓடினாள். பந்து அவளுக்குப் பின்னால் விழுந்தது. மறுபடி ஓடினாள், மறுபடி பின்னால். இன்னொருமுறை ஓடியபோது அவள் பாதியில் நின்று திரும்பி, பந்தை விட்டுவிட்டு அவனையே பார்த்தாள். பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தபடி நடந்து வந்தாள்.

"ஏன் என்ரை கையைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்?"

"பாக்காமல் எப்பிடி எறியிறது?"

"நான் திரும்பிக் கையை நீட்டுமட்டும் பந்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள். அதுக்குள்ளை நான் அங்காலை போயிடுவன். நீங்கள் எறியேல்லை, கையிலை குடுக்கப் பாக்கிறியள்."

அவள் சொன்னது அப்படியே சரி என்று அமிர்தநாதனுக்குப் பட்டது. சின்ன வயதில் அடுத்த வீட்டு மாமிக்கு வேலிக்கு மேலால் ஒரு நெருப்புப்பெட்டியை எறிந்ததற்கு அம்மா காதைத் திருகினது இன்றைக்கும் நினைவிருக்கிறது. 'நாய்க்கோ போடுறாய்? ஆளுக்கு எறியாதை, கையிலை குடு!' எந்த வீட்டில்தான் அதைச் சொல்லாமல் வளர்த்தார்கள்? இன்றைக்கும் பெட்ரோல் நிலையத்தில் ஒரு சிகரெட் பெட்டியைக்கூட அவன் மேசையில் தள்ளிவிட மாட்டான். ஆளின் முகத்தைப் பார்த்து, கை நீளும்வரை பொறுத்துத்தான் கொடுப்பான். கிரிக்கெட்டில் அது இடைஞ்சல் செய்யவில்லை, ஏனென்றால் விக்கெட் காப்பவன் ஓரிடத்தில் கையை விரித்துக்கொண்டு நிற்பான். இங்கேதான் ஒருவரும் நிற்பதில்லை. நல்ல வளர்ப்பு ஒரு மனிதனுக்கு இப்படியும் வினையாகும் என்று யார் கண்டது!

"எங்கடை நெட்போலிலை பந்தோடை ஓட ஏலாது," என்றாள் இம்மாகுலேற். "பிடிச்ச இடத்திலை நிண்டு, மற்றவள் ஓடிப்போற இடத்துக்கு எறியோணும். எறியேக்கை அங்கை ஒருத்தரும் இருக்க மாட்டினம். அவள் வந்திடுவாள் எண்டு நம்பித்தான் எறியிறது. அவளின்ரை கையைப் பாத்துக்கொண்டு நிண்டால் மறிக்கிறவள் முன்னுக்கு வந்திடுவாள். மற்றது, மதிலுக்கு மேலாலை போடுற மாதிரி உயத்திப் போடுங்கோ. பந்து மேலை நிக்கிற நேரம் ஓடுறவனுக்குக் கிடைச்ச நேரம்."

"நீர் வராட்டில்?"

கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்டோம் என்று அவனுக்கு உறைத்தது. அவனுடைய ஒரேயொரு புகைப்படத்தை நம்பி விமானம் ஏறியவள் அவள். அப்போது அவனிடம் இருந்தது ஒரு வாடகை அறையும் நாலு வீட்டார் சமைக்கிற ஒரு குசினியும்தான். அவள் வந்து இறங்கிய நாளில் ரயில் நடுவழியில் நின்று, அவன் விமான நிலையத்துக்கு எவ்வளவோ பிந்தித்தான் போய்ச் சேர்ந்தான். தள்ளுவண்டியில் பெட்டியை வைத்துக்கொண்டு ஒரு கலக்கமும் இல்லாமல் நின்றாள். 'வருவியள் எண்டு தெரியும்' என்பதுதான் அவள் அவனிடம் பேசிய முதல் வார்த்தை.

"நான் வராமல் விட்டனானோ?" என்று இப்போது கேட்டாள். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் ஓடத் தொடங்கினாள். "திரும்பிப் பாக்க மாட்டன்! எறியுங்கோ!"

அவளுடைய முதுகும் பின்னலும் தூரப் போய்க்கொண்டிருந்தன. அமிர்தநாதன் கையைத் தேடவில்லை. அவளுக்கு முன்னால் வெறுமையாகக் கிடந்த புல்லைப் பார்த்தான். பின்காலில் பாரத்தை வைத்து, முன்தோளை உயர்த்தி, வானத்துக்குக் கொடுப்பதுபோல எறிந்தான். அவள் கடைசி நேரத்தில் தலையைத் திருப்பினாள். பந்து நெற்றியில் 'டொங்' என்று பட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தான். புல்லில் உட்கார்ந்து நெற்றியைத் தடவிக்கொண்டு சிரித்தாள். "சரியான இடத்துக்கு வந்தது. கண்டறியாத பந்து, கூர் எந்தப் பக்கம் எண்டு தெரியேல்லை. இன்னொருக்கா!"

வெளிச்சம் மங்கும்வரை எறிந்தார்கள். போகப்போக அவள் கை பந்துக்குப் பழகியது, அவன் கண் வெற்றிடத்துக்குப் பழகியது. வீட்டுக்கு நடக்கும்போது அவள் நெற்றி நெல்லிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் தேவாலயத்தில் பூசைக்குப் போய்விட்டு நேரே மைதானத்துக்கு வந்தாள். ஆட்டம் தொடங்க முன் வின்ஸ்டனிடம் போய்த் தன்னுடைய ஆங்கிலத்தில் ஒரே ஒரு விஷயம் சொன்னாள்: "திரும்பிப் பார்க்காதே. ஓடு." அவளுடைய நெற்றியைப் பார்த்த வின்ஸ்டன், "சரி, மேடம்," என்று பணிவாகத் தலையாட்டினான்.

ஆனால் பூங்கா வேறு, ஆட்டம் வேறு. சட்டன்காரர்கள் வழக்கம்போல முன்னால் குவிந்து நின்றார்கள். முதல் தூரப் பந்தை எறியும்போது பழைய புத்தி வந்துவிட்டது. வின்ஸ்டனின் கைக்காக ஒரு கணம் பொறுத்தான். அந்த ஒரு கணம் போதும். பந்து பின்னால் விழுந்து எதிராளியிடம் போயிற்று. அடுத்ததும் அப்படியே. ஓரத்தில் கெவின் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுக் கையைச் சுழற்றத் தொடங்கினான். இடைவேளைக்கு முன் இன்னும் ஒரே ஒரு தடவை எறியத்தான் நேரம் இருந்தது.

பத்துப் பேரும் அவனைச் சுற்றிக் குனிந்தார்கள். இதுவே கடைசித் தடவையாக இருக்கலாம் என்று நினைத்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். வெள்ளம் தலைக்கு மேலே போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. "வின்ஸ்டன், தூரம்," என்றான்.

தன் இடத்தில் போய் நின்ற அமிர்தநாதன் ஒருமுறை ஓரத்தைப் பார்த்தான், இம்மாகுலேற் எங்கே என்று. அவள் இருந்தாள். எல்லோரும் மைதானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க, அவள் மட்டும் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பின்னல் மட்டும்தான் தெரிந்தது.

பந்து கைக்கு வந்தது. வின்ஸ்டன் ஓடினான், அவனை மறிக்கிறவன் தோளோடு தோளாகக் கூடவே ஓடினான். அமிர்தநாதன் அவன் கையைத் தேடவில்லை. அவர்கள் இருவரையும் தாண்டி, வலது மூலையில், ஒரு மனிதரும் இல்லாத புல் ஒரு துண்டு கிடந்தது. தோளை உயர்த்தி அதற்கு எறிந்தான். எறிந்த கை கீழே வருவதற்குள் மூன்று பேர் அவன்மேல் விழுந்தார்கள்.

மல்லாக்கக் கிடந்தவனுக்கு வானம்தான் தெரிந்தது. "யாருக்கு எறிகிறான் இவன்? அங்கே ஒருத்தரும் இல்லையே!" என்று ஓரத்திலிருந்து யாரோ கத்துவது கேட்டது. பிறகு பூங்காவே அதிர்ந்தது.

டெனிஸ்தான் வந்து அவனைத் தூக்கி நிறுத்தினார். வின்ஸ்டன் மறுகோடியில், புள்ளி விழுகிற எல்லைக் கோட்டுக்கு அப்பால், பந்தைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தான். கெவின் மேற்சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு கைதட்டினான். "இரண்டாம் பாதிக்கும் நீதான்," என்றார் டெனிஸ். அமிர்தநாதனுக்கு அந்த மனிதரைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும்போல இருந்தது. கட்டிப்பிடிக்கவும் செய்தான். வழியில் உருண்டு வந்த ஒரு பந்தை எறிந்தவனுக்கு ஓர் இடம் கொடுத்தவர் அல்லவா அவர்!

ஆட்டத்தில் ஹெரன்ஸ் தோற்றது. அது வேறு கதை, அதற்குக் குவாட்டர்பேக் பொறுப்பில்லை. இன்னும் இரண்டு தூரப் பந்துகள் போய்ச் சேர்ந்தன, எதிரணிக்காரர்கள் பயந்து பின்வாங்கி நின்றதில் கிட்ட எறிவதும் பழையபடி சரியாயிற்று. போகும்போது வின்ஸ்டன் இடைவேளைக்கு முன் பிடித்த அந்தப் பந்தை அவனிடம் கொடுத்து, "மேடத்துக்கு," என்றான்.

வீட்டில் இம்மாகுலேற் உடை மாற்றிவிட்டுக் குசினியில் நின்றாள். அவன் வாசலில் பந்தோடு நிற்பதைக் கண்டதும் ஈரக் கையைத் துடைத்து, இரண்டையும் விரித்து நீட்டினாள்.

"எறியுங்கோ!"

அமிர்தநாதன் எறியவில்லை. நன்றி என்ற சொல்லை எங்கள் ஆட்கள் வெள்ளைக்காரனுக்கு நாளுக்கு நூறு தடவை சொல்வார்கள், வீட்டுக்குள் மட்டும் அது நாக்கில் ஏறாது. அவனுக்கும் ஏறவில்லை. நடந்து போய், அவள் முகத்தைப் பார்த்து, பந்தை இரண்டு கையாலும் அவள் கையில் கொடுத்தான்.

"உமக்கு எறிய மாட்டன்," என்றான்.

அவளுக்கு விளங்கியது. கண் கலங்கியதை மறைக்க, "கண்டறியாத மரியாதை, போய்க் குளியுங்கோ, சோறு ஆறுது," என்று அதட்டினாள். அவன் குளித்துவிட்டு வந்தபோது சோறு உண்மையிலேயே ஆறியிருந்தது. அவள் இன்னும் பந்தைக் கீழே வைக்கவில்லை.