மரங்கள் மறைத்த டொர்னாடோ

“கிழக்கே மட்டும் வேண்டாம், ரஸ்டின். சொன்னாக் கேளு.”

கோரலி டப்ஸ் மடியிலிருந்த லேப்டாப்பைப் பட்டென்று மூடினாள். அர்க்கன்சாஸ் எல்லையில் ஒரு பெட்ரோல் பங்க்கில், புயல் பார்க்க வருகிறவர்களை அவளும் ரஸ்டினும் கூட்டிப்போகும் வேன் நின்றிருந்தது.

“மேற்கே போய் என்னத்தைக் காட்டுறது?” ரஸ்டின் கெட்லர் ஸ்டியரிங்கைத் தட்டினான். “ஓக்லஹோமா, டெக்சாஸ், எங்க கன்சாஸ், எல்லா இடத்துலயும் வானம் துடைச்சு வச்ச மாதிரி கிடக்கு. மிசிசிப்பியிலதான் இன்னைக்குப் புயல். மனுஷன் நாளைக்கு ஃப்ளைட் ஏறணும்.”

அந்த மனுஷன் வேனுக்கு வெளியே, காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார். பீட் ஃபெர்மாஸ். ஹாலந்திலிருந்து தொடர்ந்து மூன்றாவது வசந்தமாக வந்திருக்கிறார். முதல் தடவை மழை பார்த்தார், இரண்டாம் தடவை ஆலங்கட்டி பார்த்தார். டொர்னாடோ என்ற சுழல்காற்று மட்டும் கண்ணில் படவில்லை. அந்தக் கண்ணும் ஓரங்களிலிருந்து இருண்டுகொண்டே வந்து, இப்போது ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போல நடுவில் மட்டும்தான் தெரிகிறது. அடுத்த வசந்தத்தில் அதுவும் இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“உங்க ஊர் டொர்னாடோ மேடையேறி ஆடும்,” என்றாள் கோரலி. “இருபது மைல் தள்ளி நின்னு சாண்ட்விச் சாப்பிட்டுக்கிட்டே பாக்கலாம். எங்க ஊர்ல அது திருட்டுப் பய மாதிரி வரும். மரத்துக்குப் பின்னால, மேட்டுக்குப் பின்னால, மழைக்குப் பின்னால. அங்க டிராக்டர் வேகம்னா இங்க ரயில் வேகம். நான் மிசிசிப்பியில பொறந்தவ. வாசலுக்கு வந்தப்புறம்தான் பாத்திருக்கேன்.”

ரஸ்டின் குரலைத் தாழ்த்தினான். “அவருக்கு வேற வருஷம் இல்ல, கோரலி.”

அவள் வெளியே பார்த்தாள். பீட் காபியை உறிஞ்சிவிட்டு மூடியைத் தடவித் தேடிக்கொண்டிருந்தார்.

“டெல்டா வரைக்கும்,” என்றாள். “அது தட்டையான பூமி. மேடு ஆரம்பிக்கிற இடத்துல நிறுத்திடணும்.”

“சத்தியமா.”

பிற்பகலில் டெல்டாவில், மீன் பண்ணைக் குளங்களுக்கு நடுவே போகும் மண் ரோட்டில் மூவரும் நின்றார்கள். வயல்கள் அடிவானம் வரை விரிந்து கிடந்தன. தெற்கே மேகத்தின் அடிவயிறு தாழ்ந்து, மெல்லச் சுழன்றது.

“எங்கே? எங்கே?”

ரஸ்டின் பின்னாலிருந்து பீட்டின் தலையைப் பிடித்துத் திருப்பினான். “இதோ… இன்னும் கொஞ்சம் இடது. கீழே வருது பாருங்க…”

சாம்பல் விரல் ஒன்று மேகத்திலிருந்து இறங்கியது. பீட் மூச்சைப் பிடித்தார். அந்த நொடியில் மழைத்திரை குறுக்கே விழுந்து எல்லாவற்றையும் விழுங்கியது.

“போச்சா?”

“போகல. உள்ளேதான் இருக்கு. ஏறுங்க!”

வேன் கிழக்கே பறந்தது. முன்னால் குன்றுகளும் பைன் காடும் கருப்பாக எழுந்தன.

“நிறுத்து, ரஸ்டின்! சத்தியம் பண்ணினியே!”

“ஒரே ஒரு மைல். தெற்கே திரும்ப அடுத்த ரோடு வரும், அதுல புயலுக்குப் பின்பக்கம் போயிடலாம்.”

கன்சாஸில் மைலுக்கு ஒரு ரோடு நிச்சயம் வரும், கோடு கிழித்தது போல. இவ்வளவு நேரம் தட்டை வயலில் ஓட்டியதில், அவன் கைகள் இதையும் சொந்த ஊர் என்று நினைத்துவிட்டன.

ரோடு தெற்கே திரும்பவில்லை. குன்றைச் சுற்றிக்கொண்டு வடக்கே வளைந்தது. இருபுறமும் மரச்சுவர். தலைக்கு மேலே நாடா அகலத்துக்குத்தான் வானம். கோரலியின் போனில் சிக்னல் செத்தது, கூடவே ரேடார் படமும் உறைந்தது.

திடீரென்று மழை நின்றது.

“தப்பிச்சோம்,” என்றான் ரஸ்டின்.

“ஜன்னலை இறக்கு.”

“பைத்தியமா உனக்கு?”

“இறக்குடா!”

கண்ணாடி இறங்கியதும் வாசனை உள்ளே பாய்ந்தது. அப்போதுதான் அறுத்த பைன் மரத்தின் பச்சை வாசனை, மரக்கடைக்குள் நுழைந்தாற்போல.

கோரலி ஜன்னல் பக்கம் எட்டி முகர்ந்தாள். “மரம் முறிஞ்சுக்கிட்டிருக்கு. இங்கேயே, பக்கத்துல. ரிவர்ஸ் எடு!”

வேன் பின்னால் சீறியது. பின்னால் ஒரு மரம் ரோட்டின் குறுக்கே விழுந்தது. ரஸ்டின் பிரேக்கை மிதித்தான்.

“இறங்கு! பள்ளத்துக்குள்ள!”

ரோட்டோரக் கால்வாயில், சேற்றில் குப்புற விழுந்தார்கள். கோரலி பீட்டின் மேல் படுத்து அவர் தலையைக் கையால் மூடினாள். காதுக்குள் ஏதோ உடைவது போல அடைத்தது. பூமி அதிர்ந்தது. பீட் கண்ணை மூடவில்லை. ஆனால் அந்தக் குழாய்க்குள் சேறும் ஒரு காட்டுச் செடியின் வேரும்தான் தெரிந்தன. மூன்று வசந்தமாகத் தேடியது தலைக்குப் பக்கத்தில் போகிறது, அவர் ஒரு வேரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு சத்தம் விலகியது.

ரஸ்டின் முதலில் எழுந்தான். ரோட்டுக்கு எதிர்ப்புறம் காடே இல்லை. மரங்கள் இடுப்பளவில் முறிந்து, வடகிழக்கே ஒரு அகலத் தெரு வெட்டியது போல் திறந்து கிடந்தது. அந்தத் தெருவின் கோடியில், மேற்கு வெயில் முழுக்க மேலே விழ, வெள்ளைத் தூணாக அது போய்க்கொண்டிருந்தது.

“மிஸ்டர் பீட்…” கோரலி அவரைத் தூக்கி நிறுத்தினாள். திருப்ப வேண்டியிருக்கவில்லை. நேர் எதிரே இருந்தது.

“கடவுளே,” என்றார் பீட். “வெள்ளையா இருக்கு. கருப்பா இருக்கும்னுல்ல நெனச்சேன்.”

அப்போதுதான் ஹார்ன் கேட்டது. விட்டு விட்டு, பலமில்லாமல்.

முறிந்த மரங்களுக்கு அடியில் ஒரு பிக்கப் டிரக் நசுங்கிக் கிடந்தது. ரஸ்டினும் கோரலியும் ஓடினார்கள். உள்ளே நடுத்தர வயது ஆள் ஒருவர். கதவு மேல் மரம், கதவுக்கடியில் அவருடைய கால். கால்சட்டை ரத்தத்தில் ஊறியிருந்தது.

“நீங்க பாருங்க, பீட்! நாங்க சமாளிச்சுக்கறோம்!” என்று ரஸ்டின் கத்தினான். “ம்… தூக்கு!”

மரம் அசைந்துவிட்டு அதே இடத்தில் உட்கார்ந்தது. உள்ளிருந்தவர் அலறினார்.

“இன்னொரு தடவை. தூக்கு!”

மறுபடியும் அலறல்.

தூண் இன்னும் அங்கேதான் இருந்தது. மெலிந்து, கயிறு போல் வளைந்து, வெயிலில் மின்னியது. கலைய இன்னும் நேரமிருந்தது. பீட் அதையே பார்த்தார். பிறகு அதற்கு முதுகைக் காட்டித் திரும்பி, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடி கிளைகளுக்குள் நடந்தார். காலடி அவருக்குத் தெரியாது. ஒரு தடவை விழுந்து எழுந்தார்.

“என் கையை மரத்துல வச்சு விடுங்க. எங்க பிடிக்கணும்?”

கோரலி வைத்துவிட்டாள். மூவரும் தோள் கொடுத்தார்கள். மரம் முனகிக்கொண்டு ஒரு சாண் எழுந்தது.

“யாருங்க நீங்க?” வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே அந்த ஆள் கேட்டார். “இந்தப் பக்கத்து ஆளுங்களாத் தெரியலையே. இங்க எதுக்கு வந்தீங்க?”

ரஸ்டின் தலை குனிந்தான். கோரலி மரத்துக்கடியில் தோளை இன்னும் அழுத்தினாள்.

“அதைப் பாக்கத்தான் வந்தோம்,” என்றார் பீட்.

“எதை, இந்தச் சனியனையா?” அவர் நம்பாமல் பார்த்தார். “பாத்தாச்சா?”

“பாத்தாச்சு. காலை இழுங்க, சீக்கிரம். ரொம்ப நேரம் தாங்காது.”