பட்டாளத்தானின் டீசல்

பெருங்களத்தூர் மீன் சந்தையில், ஏலம் கூவுகிற மேடையில் நின்றுகொண்டு, அத்தனை கூடைக்காரிகளும் கேட்கும்படி தனசேகர் அந்த வார்த்தையைச் சொன்னான்.

"டீசல் திருடி!"

தன்னைத்தான் சொல்கிறான் என்று துர்காவுக்கு முதலில் உறைக்கவில்லை. யாரையோ என்று திரும்பிப் பார்த்தாள். பின்னால் வெறும் சுவர். முன்னால் அவளுடைய அம்மா அங்காளம்மா, வஞ்சிரத்தை அறுத்துக்கொண்டிருந்த கத்தியைப் பலகையிலேயே விட்டுவிட்டு வாயைப் பிளந்து நின்றாள்.

"சாவிய வெச்சிட்டுப் போ" என்றான் தனசேகர். வியாபாரிகள் சங்கத்துக்கு அவன்தான் செயலாளர். அவள் கையிலிருந்த ஜெனரேட்டர் கொட்டகைச் சாவியை அவனே பிடுங்கிக்கொண்டான்.

சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு குளிரறை உண்டு. கடற்கரையிலிருந்து வருகிற மீனில் விற்காதது அதில்தான் போகும். கரண்ட் போனால் அதைக் காப்பாற்ற, ராணுவத்தார் கழித்து ஏலத்தில் விட்ட டீசல் ஜெனரேட்டர் ஒன்றை வாங்கிப் போட்டிருந்தார்கள். இரண்டு சக்கர வண்டிமேல் உட்கார்ந்த இரும்புப் பெட்டி. பாசிப்பச்சைப் பெயின்ட், பக்கத்தில் வெள்ளை எழுத்து. சந்தையே அதைப் பட்டாளத்தான் என்றுதான் கூப்பிடும். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் மெஷின் பராமரிப்பு வேலை பார்த்துவிட்டு வந்த துர்காதான் அதைக் கவனித்துக்கொண்டாள். ஆயில் பார்ப்பாள், ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவாள், பில்டரில் சேர்ந்த அழுக்கை வடிப்பாள். பெற்ற பிள்ளையைக்கூட அத்தனை சுத்தமாக யாரும் துடைத்திருக்க மாட்டார்கள்.

வெயில் காலத்தில் பட்டாளத்தான் சிங்கம் மாதிரி ஓடினான். ஐப்பசி மழை பிடித்துக் கரண்ட் மணிக்கணக்கில் போக ஆரம்பித்ததும் வந்தது வினை. நன்றாக ஓடிக்கொண்டிருப்பான், திடீரென்று இருமுவான், திணறுவான், நின்றுவிடுவான். துர்கா பில்டரை மாற்றினாள். குழாயில் காற்று புகுந்திருக்கிறதா என்று மூட்டுக்கு மூட்டு அவிழ்த்துப் பார்த்தாள். ஒன்றும் புரியவில்லை. புது கேனைத் திறந்து டீசல் ஊற்றினால் மட்டும் உடனே ஓடுவான்.

தனசேகர் பிடித்துக்கொண்டது அதைத்தான். புது டீசலுக்கு ஓடுகிறது என்றால் பழைய டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறது. கலந்தது யார்? சாவி வைத்திருக்கிறவள். இவ்வளவுதான் அவன் கணக்கு. இரண்டு பெட்டி இறால் நாறிப்போன அன்று மேடையேறிச் சொல்லிவிட்டான்.

சொல்லுங்கள், யாருக்குத்தான் வயிறு எரியாது? மெஷின் சரியில்லை என்றால் மெஷினைத் திட்டு. வேலை தெரியாதவள் என்றால் அதைச் சொல்லு. திருடி என்ற பேரைச் சுமந்துகொண்டு அந்தப் பெண் எந்தச் சந்தையில் போய் நிற்பாள்? அவள் அம்மா எந்த முகத்தோடு கூவி விற்பாள்?

"வுடும்மா, நம்ப ஜனம்தானே, நாலு நாள்ல மறந்துடுவாங்கோ" என்றாள் அங்காளம்மா.

"அவங்கோ மறப்பாங்கோ. நான் மறக்கணுமே" என்று சொல்லிவிட்டு துர்கா பம்மலுக்கு ஷேர் ஆட்டோ ஏறினாள்.

பட்டாளத்தானை ஏலத்தில் எடுத்து, ஓட வைத்து, சந்தைக்குக் கொடுத்தவர் பம்மல் சௌகத் அலி. அவருடைய பட்டறை முழுக்க ராணுவம் கழித்த லாரிகள்தான். துர்கா போனபோது ஒரு லாரிக்கு அடியிலிருந்து அவருடைய கால்கள் மட்டும் தெரிந்தன.

"பாய், பட்டாளத்தான் மயக்கம் போட்டு வுழறான்."

"ரிட்டையர் ஆனவன்தானே, அப்பப்போ வுழுவான்" என்று சிரித்தபடி வெளியே வந்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். நடந்ததைக் கேட்டுவிட்டு ஸ்பேனர் பையை எடுத்தார். "என்னிய இன்னா சொன்னான்?"

"பாய் ஓட்ட சாமான நம்ப தலையில கட்டிட்டாருன்னு சொல்லிகினு கீறான்."

"அப்போ வா. ரெண்டு பேரும் திட்டு வாங்கிகினவங்கோ. ஒரே ஆட்டோல போவோம்."

கொட்டகையைத் திறக்க தனசேகர் சாவியோடு வந்தான். திறந்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு ஒரு ஓரமாய் நின்றான்.

சௌகத் அலி பில்டரின் அடித்திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடி டம்ளரில் டீசல் பிடித்தார். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தங்கும். ஒரு முத்துத் தண்ணீர்கூட இல்லை.

"இது இன்னிக்கி ஊத்துனதா இருக்கும்" என்றான் தனசேகர்.

"சாவி உன் இடுப்புல கீது. நான் எப்பிடி வந்து ஊத்துவேன்? எலியாட்டம் சந்துல பூந்தா?" என்றாள் துர்கா.

பட்டாளத்தானைக் கிளப்பி, குளிரறைக்குக் கரண்ட் போகும்படி இணைத்தார்கள். ஓடினான். சௌகத் அலி ஒரு டீ குடித்து முடித்து, இன்னொரு டீயும் குடித்தார். அப்புறம் அந்த இருமல். சத்தம் ஏறி இறங்கி, புகை வெளுத்து, நின்றுவிட்டான்.

"பாத்தியா? இப்போ புதுசு ஊத்து, ஓடும்!" தனசேகருக்குச் சந்தோஷமே வந்துவிட்டது.

துர்காவுக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "டேங்க்குல டீசல் ரொம்பிக் கீதுடா! நானே சொல்லிகினு இருக்கணுமா? வந்து எட்டிப் பாரு! தண்ணியா டீசலான்னு மோந்து பாரு!" என்று கத்திக்கொண்டே டேங்க் மூடியைப் பிடித்துத் திருகினாள். வரவில்லை. முந்தானையைச் சுற்றி இரண்டு கையாலும் முறுக்கினாள்.

உஸ்ஸ்ஸ்.

மூச்சடைத்துக் கிடந்தவன் காற்றை இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். மூன்று பேரும் அப்படியே நின்றார்கள்.

"ஒரு சொட்டுகூட ஊத்தாத" என்றார் சௌகத் அலி மெதுவாக. மூடியைத் திறந்தபடியே வைத்து, டீசலை இழுத்துக் கொடுக்கிற கைபம்பை நாலு அடி அடித்து, கிளப்பினார். பட்டாளத்தான் உறுமிக்கொண்டு எழுந்தான்.

டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போயாக வேண்டும். அதற்காக மூடியில் பொடி ஓட்டை ஒன்று இருக்கும். அது அடைத்துப்போனால் டேங்க்குக்குள் இழுப்பு விழுந்து, டீசல் இறங்க மறுக்கும். புது டீசல் ஊற்ற மூடியைத் திறந்தபோதெல்லாம் காற்றுதான் உள்ளே போனது; மழை இரைச்சலில் அந்த உஸ் யார் காதிலும் விழவில்லை. டீசலில் ஒரு குறையும் இல்லை.

துர்கா மூடியைத் திருப்பிப் பார்த்தாள். மேல்பக்கம், உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம். நடுவில் குங்குமம். காய்ந்து, சுண்ணாம்புக் காரை மாதிரி இறுகி, ஓட்டை இருந்த இடமே தெரியவில்லை.

அவள் முகம் செத்துப்போனது.

ஆயுத பூஜை அன்று பொட்டு வைத்தது அவள்தான். எல்லா மெஷினுக்கும் வைத்தாகிவிட்டது. பட்டாளத்தானுக்கு நெற்றி எது என்று யோசித்தாள். மேலே வட்டமாய் நிமிர்ந்து நின்ற மூடிதான் நெற்றி மாதிரி தெரிந்தது. உதிராமல் இருக்கட்டும் என்று கெட்டியாகக் குழைத்து, கட்டை விரலால் அழுத்தி அழுத்தி வைத்தாள்.

தனசேகர் எட்டிப் பார்த்தான். அவனும் அந்தப் பூஜையில் சுண்டல் தின்றவன்தான். "ஓஹோ! அப்போ கெடுத்தது நீதானா!"

"ஆமா" என்றாள் துர்கா. குரல் இறங்கவில்லை. "நான்தான் வெச்சேன். என் தப்புதான். ரெண்டு பெட்டி எறாலுக்கு என்னியத் திட்டு, வாங்கிக்கிறேன். ஆனா தப்பு வேற, திருட்டு வேற. நீ என்னிய இன்னா சொன்ன?"

"அதான் தெரிஞ்சி போச்சே. இந்தா சாவி. போய் வேலையப் பாரு."

"இங்க குடுக்காத. எங்க புடுங்குனியோ அங்க குடு."

"இன்னாத்துக்கு இத்தப் பெருசாக்கற? பாய், நீயாவது சொல்லேன்."

"நான் இன்னா சொல்றது? என் பேரையும் சேத்துதான நீ கூவிகினு இருந்த" என்றார் சௌகத் அலி, குச்சியால் ஓட்டையைக் குத்திக்கொண்டே.

மறுநாள் காலை ஏலம் தொடங்கும் முன் துர்கா மேடைக்குக் கீழே வந்து நின்றாள். மழையில் கரண்ட் போயிருந்தது. தனசேகர் அவளைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான், தொண்டையைச் செருமினான். "மெஷின் சின்ன ரிப்பேருதான். டீசல்ல ஒண்ணும் இல்ல" என்று முணுமுணுத்தான்.

"மெஷின யாருடா கேட்டா?" கூடைகளுக்கு நடுவிலிருந்து அங்காளம்மாவின் குரல் கிளம்பியது. விட்டுவிடச் சொன்ன அதே அங்காளம்மா. "அன்னிக்கி எறா வெலையாட்டம் கூவுனியே, அந்த வாய் எங்க போச்சி?"

பெண்கள் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு நின்றது. யாரும் மீனைத் தொடவில்லை.

"துர்கா திருடல" என்றான் தனசேகர் உரக்க. "நான் சொன்னது பொய். பாய் குடுத்ததும் நல்ல மெஷினுதான்."

சாவியை நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். பரவாயில்லை அண்ணா என்று ஒரு வார்த்தை வரும் என்று அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அவள் சொல்லவில்லை. குளிரறைக்குள் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கொட்டகையைத் திறக்கப் போனாள்.