வடக்கு ஜன்னலில் பார்த்த தலைவிளக்கு

1

மறைப்பானேன், இது கதையாகவே பிறக்கவில்லை. மலையேறிக் கூடாரம் போட்டுத் தங்குகிறவர்கள் எடை குறைந்த தலைவிளக்கை எப்படிப் பார்த்து வாங்குவது என்று ஒரு பக்கம் எழுதித் தரச்சொல்லி, 1983இல் ஒரு பத்திரிகைக்காரர் கேட்டார். வாலாஜாபேட்டையில் குந்தியிருக்கும் நான் அதுவரை ஏறிய உயரம் எங்கள் வீட்டு மொட்டை மாடி. அதுவும் வடாம் காயப்போட. ஆனாலும் சரியென்று சொல்லிவிட்டேன். வாய் அப்படி.

முதல் வரி: "ஜவ்வாது மலையின் மடியில் கதிரவன் தன் பொற்கரங்களை..."

த்தூ.

இரண்டாவது: "நல்ல தலைவிளக்கு தலையில் இருப்பதே தெரியக்கூடாது." பரவாயில்லை. ஆனால் யார் தலையில்? அங்கே பிடித்தது சனி.

2

தலைக்குச் சொந்தக்காரன் கங்காதரன். ஜோலார்பேட்டையில் ரயில் எஞ்சினில் கரி அள்ளிப்போடும் பயர்மேன். சீக்கிரமே டிரைவர் ஆகப்போகிறவன். அவனுக்கு ஒரு குறை வைத்தேன்: பொழுது சாய்ந்தால் கண் சரியாகத் தெரியாது. பகல் டூட்டியாகக் கேட்டு வாங்கிச் சமாளிக்கிறான். விஷயம் மேலே தெரிந்தால் எஞ்சினைவிட்டு இறக்கிவிடுவார்கள். இந்த நேரம் பார்த்து அவன் போர்மேன் அருணகிரி, எல்லாரும் ஒடுகத்தூர் வழியாக ஜவ்வாது மலை ஏறி ஒரு ராத்திரி தங்கலாம் என்கிறார். வரவில்லை என்றால் ஏன் என்று கேட்பார்.

(பகலிலேயே ஏறிவிடக்கூடாதா என்று கேட்காதீர்கள். பஸ்ஸைத் தாமதமாக்கியது நான்தான். அந்த ரூட்டுக்கு என் உதவி தேவையே இல்லை.)

ஆம்பூர் டேனரியில் பதனிட்ட தோலை ரகம் பிரிக்கும் ஜியாவுல்லா அவனுடைய தோஸ்த். கங்காதரன் அவனிடம் போனான்.

"கையில டார்ச்சு வேணாம்பா. தடுமாறினா புடிச்சிக்க ரெண்டு கையும் வேணும். தலையில மாட்றது ஒண்ணு வாங்கிக் குடு. வெயிட்டு கம்மியா."

"மொதல்ல டாக்டராண்ட போய்யா."

"போனா ரயில்வேக்கு எழுதிடுவான். எஞ்சின வுட்டா எனக்கு இன்னா தெரியும்?"

3

ஜியாவுல்லா பெரியமேட்டுக்குத் தோல் லோடோடு போனபோது பர்மா பஜாரிலிருந்து இரண்டு விளக்குகள் கொண்டுவந்தான். ஒன்றைத் திருப்பித் தருவதாகப் பேச்சு. ஒன்றுக்கு இடுப்பில் பாட்டரி டப்பா கட்டவேண்டும், நல்ல கனம். மற்றது ஒரு கொய்யாக்காய் கனம்தான்.

அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: தோலை ரகம் பிரிக்கிறவர்கள் விளக்கு வெளிச்சத்தை நம்புவதில்லை. வடக்கு ஜன்னலடியில், நேர் வெயில் விழாத பகல் வெளிச்சத்தில்தான் பார்ப்பார்கள். "லைட்டு பொய் சொல்லும்" என்பது ஜியாவுல்லா கட்சி.

ஆகவே தலைவிளக்குகளையும் அந்த ஜன்னலடியில்தான் பார்த்தான். நடுப்பகலில். பட்டையை இழுத்தான், மோந்தான், தையலை நகத்தால் கீறினான், உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தான். கடைசியாகப் பொத்தானை அமுக்கினான். இரண்டும் எரிந்தன. அந்த வெளிச்சத்தில் எது எரிந்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

"கம்மி வெயிட்டுதான் ஃபர்ஸ்ட் கிளாஸ். கண்ண மூடிக்கினு எடுத்துக்க."

கங்காதரன் மாட்டிப் பார்த்து, "மாட்னதே தெரியல தோஸ்த்!" என்று அவனைக் கட்டிக்கொண்டான். எழுதும்போதே சிரித்துவிட்டேன். என் எழுத்துக்கு யாராவது சிரித்தது அதுதான் முதல் தடவை.

4

மலை. இருட்டிவிட்டது. ஒற்றையடிப் பாதை, இடப்பக்கம் பள்ளம். கங்காதரன் விளக்கைப் போடுகிறான். மூக்குக்கு முன்னால் மஞ்சளாய் ஏதோ ஒரு சாண் அகலத்துக்கு. தரை தெரியவில்லை.

"இன்னாய்யா நின்னுட்ட?" பின்னால் அருணகிரி.

"முள்ளு சார்... காலுல."

"எடுத்துட்டு சட்டுனு நட. ஒருத்தன் நின்னா எல்லாருக்கும் பேஜாரு."

இங்கே என் சிரிப்பு நின்றுவிட்டது.

முடிவு அ: விளக்கைத் தட்டுகிறான். பளிச்சென்று எரிகிறது. தப்பித்துவிடுகிறான். டிரைவரும் ஆகிவிடுகிறான். டிரைவரானால் பகல் டூட்டி மட்டும் கேட்டு வாங்க முடியாது, ராத்திரி வண்டியும் ஓட்டவேண்டும்.

சந்தோஷமாக எழுதினேன். மை காய்வதற்குள், என் தங்கை சுந்தரி பிள்ளைகளோடு ராத்திரி ரயிலில் பெங்களூர் போவது ஞாபகம் வந்தது. அடித்தேன்.

முடிவு ஆ: கால் தவறுகிறது. அருணகிரி சட்டையைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றுகிறார். "உனக்குக் கண்ணு..." என்று

இதையும் முடிக்க முடியவில்லை. பாவம்யா அவன்.

ஆகவே இன்னும் பாதையில்தான் நிற்கிறான், ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு, இல்லாத முள்ளைத் தேடியபடி. நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். விளக்கு எரியட்டும் என்கிறவர்கள் அவன் ஓட்டும் ராத்திரி ரயிலில் உங்கள் பிள்ளைகளை ஏற்றிவிடுங்கள். வேண்டாம் என்கிறவர்கள் அதை அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். எனக்கு இரண்டுக்கும் தைரியமில்லை.