மூன்று நாள் முன்னதாக வந்த கடல்

கப்பல் மூழ்குவதற்கு மூன்று நாள் முன்பே அந்த வீட்டுக்குள் கடல் வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை பிற்பகல், கணுக்கால் அளவு. பக்கத்து வீடுகளில் பொட்டு ஈரமில்லை. குழாய் ரிப்பேர்க்காரர் வந்து விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, உப்பு, இது தன் வேலையில்லை என்று பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

மாமியார் துடைப்பத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில், எதிரியின் சங்கேதச் செய்திகளைப் பிரித்துப் படிக்கும் அலுவலகத்தில் மருமகள் பென்சிலைக் கீழே வைத்தாள். எண்களுக்குள்ளிருந்து ஒரு கப்பலின் பெயரும், நீர்மூழ்கிகள் அதற்காகக் காத்திருக்கும் இடமும், வெள்ளிக்கிழமை என்ற நாளும் வெளியே வந்திருந்தன. அந்தக் கப்பலில் அவள் கணவன் சமையல்காரன். மாமியாருக்கு ஒரே பிள்ளை.

அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. படித்த செய்தியைப் பயன்படுத்துமுன், எதிரியின் கண்ணில் படும்படி ஒரு விமானம் அவன் தலைக்கு மேல் பறந்தாக வேண்டும். விமானம்தான் பார்த்துவிட்டது என்று அவன் நம்புவான். சங்கேதத்தை மாற்ற மாட்டான். அந்த விதியை யோசித்து எழுதி மேலதிகாரியிடம் சபாஷ் வாங்கியவள் இவளேதான். அந்த மூன்று நாளும் மூடுபனி. விமானம் எழும்பவில்லை. கப்பலைத் திருப்பச் சொல்லி மேலதிகாரியின் மேசை முன் நின்றாள். அவர் அவள் எழுதிய தாளையே எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

“உன் வீட்டுக்காரருக்கு மட்டும் விலக்குன்னு நீ எழுதலையேம்மா.”

வெளியே வாய் திறந்தால் தூக்கு. வீட்டில் மாமியார் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குழாயைத் திறந்து போட்டுவிட்டு ஆபீஸ் போய்விட்டாள் மகராசி, என் பிள்ளை வந்து பார்த்தால் சிரிப்பான் என்றாள். மருமகள் வாளியில் மொண்டு மொண்டு தெருவில் ஊற்றினாள். வெள்ளிக்கிழமை தண்ணீர் முழங்காலுக்கு ஏறி நின்றது. தந்தி திங்கட்கிழமைதான் வந்தது.

எதிரி சங்கேதத்தை மாற்றவேயில்லை. அதனால்தான் போரை ஜெயித்தோம் என்று பின்னால் பெரியவர்கள் மேடையில் பேசினார்கள். வீட்டில் கடல் வற்றவில்லை. கட்டில்களைச் செங்கல் வைத்து உயர்த்தினார்கள். மேசைக்கால்களில் சிப்பி ஒட்டியது. இருபது வருடம் கழித்து ரகசியத் தடை நீங்கியதும், ஓர் அதிகாரி கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே வந்து மருமகளுக்குப் பதக்கம் கொடுத்தார். எந்தக் கப்பலைப் பற்றிய செய்தியை அவள் எந்தக் கிழமை பிரித்துப் படித்தாள் என்பதையும் உரக்கப் படித்தார்.

மாமியார் மருமகள் பக்கம் திரும்பினாள்.

“நான் தொடைச்சிட்டிருந்தப்பவே உனக்குத் தெரியும்.”

“தெரியும், அத்தை.”

அன்று மாலையே மாமியாரின் அறையில் தண்ணீர் வற்றியது. பிறகு சமையலறையில், முன்னறையில். இப்போது தபால்காரர் முன்னறை வரை செருப்போடு வருகிறார். மருமகளின் அறைவாசலில் நின்று, குனிந்து, கால்சட்டையை மடித்துக்கொள்கிறார்.