அன்றைய பொய்

என் மனைவி பொய் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள். இப்படி நான் கேலி செய்தால் அவளுக்குக் கோபம் வராது, பெருமையாகத் தலையாட்டுவாள். கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுக்கிறாள். ஒவ்வொரு வகுப்பிலும், நடத்துகிற பாடத்துக்குள் ஒரே ஒரு பொய்யைக் கலந்து வைப்பாள். எது பொய் என்று மணி அடிப்பதற்குள் பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால் மட்டும் போதாது. பொய் என்று எப்படித் தெரியும், எங்கே பார்த்தாய், வேறு விதமாக இருக்க முடியாதா என்று குடைவாள். ஒருவரும் பிடிக்கவில்லையென்றால் கடைசி நிமிடத்தில் அவளே போட்டு உடைத்துவிடுவாள். பொய்யை மண்டைக்குள் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையும் வகுப்பை விட்டு வெளியே போகக் கூடாது என்பது அவள் வைத்திருந்த சட்டம்.

முந்தின நாள் மாலை அந்தப் பொய் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் தயாராகும். ஒத்திகைக்கு நான்தான் ஆள்.

"ஒட்டகம் திமில்ல தண்ணிய சேத்து வச்சுக்குது. சரியா, தப்பா?"

"சரி."

"தப்பு. அதுல இருக்கிறது கொழுப்பு. உங்களுக்கு இருக்கிற மாதிரி."

நான் லிப்ட் மெக்கானிக். எனக்கு ஒட்டகத்தோடு என்ன வேலை? ஆனாலும் அவள் எத்தனை தடவை காதில் பூ சுற்றினாலும் நான் நம்பத்தான் செய்வேன். கட்டிய மனைவி சொல்வதைச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தால் குடும்பம் நடத்த முடியுமா? "உங்கள மாதிரி ஆளுங்களுக்காகத்தாங்க நான் வகுப்பே எடுக்கிறேன்" என்பாள்.

அந்த வகுப்பில் ஒரு பெண்ணுக்குப் பட்டப்பெயரே 'சந்தேகம்'. கூடப் படிக்கிறவர்கள் வைத்தது. "சந்தேகம் வந்தாச்சா?" என்றால் அவள் வகுப்புக்கு வந்துவிட்டாளா என்று அர்த்தம். புத்தகம் வாங்க அடிக்கடி எங்கள் வீட்டுக்கு வருவாள். முதல் தடவை வந்தபோதே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், லிப்ட் கயிறு அறுந்தா நேரா கீழ விழுந்துருமா?"

"விழாதும்மா. ரெண்டு பக்கமும் இருக்கிற தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கிற மாதிரி ஒரு ஏற்பாடு இருக்கு."

"நீங்க அறுத்துப் பாத்திருக்கீங்களா?"

இத்தனை வருடத்தில் ஒருவர்கூட என்னிடம் அதைக் கேட்டதில்லை. என் மனைவி சமையலறையிலிருந்து சிரித்த சிரிப்பு இருக்கிறதே, பரிசு வாங்கிய பிள்ளையின் தாய்கூட அப்படிச் சிரிக்க மாட்டாள். எங்களுக்குக் குழந்தை இல்லை என்பதை இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

தேனீ ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. சந்தேகம் அதற்கு மனுப்போட்டாள், நேர்காணலுக்கும் கூப்பிட்டுவிட்டார்கள். கிடைத்தால் மேலே படிக்கலாம், அங்கேயே தங்கலாம். கிடைக்காவிட்டால் அக்கா புருஷனின் செல்போன் கடையில் உட்கார வேண்டியதுதான் என்று அவள் வீட்டில் முடிவாகியிருந்தது. "மாமா நல்லவர்தான் சார். ஆனா அந்தக் கடைல யாரும் எதையும் ஏன்னு கேக்க மாட்டாங்க, என்ன விலைன்னுதான் கேப்பாங்க" என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள்.

நேர்காணல் திங்கட்கிழமை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை என் மனைவி அவளுக்காகவே தேனீப் பாடத்தை எடுத்தாள். அன்றைக்குப் பார்த்து துறைத் தலைவர் வகுப்பை மேற்பார்வையிடக் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டார். அந்த மனிதருக்கு இவளுடைய பொய் விளையாட்டே பிடிக்காது. "பாடம் நடத்துறீங்களா, வித்தை காட்டுறீங்களா?" என்று முன்பே ஒரு தடவை கேட்டிருக்கிறார்.

இவள் அவரையே பார்த்துப் பார்த்துப் பேசினாளாம். ராணித் தேனீ இடுகிற முட்டையைப் பற்றிப் பேசும்போது நாக்கு குழறிவிட்டது. கருவுற்ற முட்டையிலிருந்து ஆண் வரும், கருவுறாத முட்டையிலிருந்து பெண் வரும் என்று சொல்லிவிட்டாள். உண்மை நேர் தலைகீழ். சொன்னதுகூட அவளுக்குத் தெரியவில்லை. பின்னாலிருந்து சந்தேகம் கையைத் தூக்கினாள்.

"மேடம், மாத்திச் சொல்றீங்க. ஆண் தேனீக்கு அப்பாவே கிடையாதே."

துறைத் தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். என் மனைவி முகத்தில் ஈயாடவில்லை. ஒரு நொடிதான். அப்புறம் கையைத் தட்டிச் சிரித்தாள்.

"சபாஷ்! இன்னிக்குப் பொய் அதுதான். புடிச்சிட்டா பாருங்க!"

வகுப்பே கைதட்டியது. வகுப்பு முடிந்ததும் துறைத் தலைவரே வந்து, இப்போதுதான் இந்த முறையின் அருமை தெரிகிறது என்று பாராட்டிவிட்டுப் போனார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்தவள் கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்னங்க, நான் வச்ச பொய் அது இல்லைங்க."

"அப்ப எது?"

"ராணித் தேனீயும் ஒரு தடவை கொட்டினா செத்துரும்னு சொன்னேன். கொட்டினா சாகிறது வேலைக்காரத் தேனீதான். ராணி சாகாது. அது அப்படியே தங்கிப் போச்சு. பொய்யத்தான் புடிச்சாச்சேன்னு எல்லாரும் தேடுறத விட்டுட்டாங்க. மிச்சம் எல்லாம் உண்மைன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க."

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. ராணித் தேனீ செத்தால் என்ன, இருந்தால் என்ன? "விடும்மா. பரீட்சைக்கு முன்னாடி படிச்சுத் தெரிஞ்சுக்குவாங்க" என்றேன்.

அவள் போனை எடுத்து வகுப்புக் குழுவுக்கு எழுத ஆரம்பித்தாள். எழுதினாள், அழித்தாள். மறுபடி எழுதினாள். 'ராணி சாகாது' என்று போட்டால், அப்படியானால் வகுப்பில் பிடிபட்ட முட்டைப் பொய் என்ன என்று கேள்வி வரும். துறைத் தலைவரும் அந்தக் குழுவில் இருந்தார். கடைசியில் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அந்தப் பெண்ணுக்கு மட்டுமாவது சொல்லியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சந்தேகம் தானாகவே போன் செய்தாள். நாளைக்கு நேர்காணல், மேடம் நல்லபடியாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றாள். என் மனைவி, "ஒண்ணு சொல்லணும்மா..." என்று ஆரம்பித்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். உதட்டை அசைத்துச் சத்தமில்லாமல், 'குழப்பாத' என்றேன். அவள் மென்று விழுங்கிவிட்டு, "நல்லா தூங்கும்மா, தைரியமா பேசு" என்று வைத்துவிட்டாள்.

குழப்பக் கூடாது என்பதெல்லாம் சப்பைக்கட்டு. சொன்னால் அந்தப் பெண் சும்மா விட மாட்டாள், 'அப்ப முட்டை விஷயம் என்ன மேடம்?' என்று அடுத்த நொடியே கேட்பாள் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். இத்தனை நாள் கேள் கேள் என்று சொல்லிக் கொடுத்தவள், அந்த ஒரு கேள்விக்குப் பயந்தாள். எனக்கும் வெட்கமாக இருக்கிறது. லிப்ட் கூண்டுக்கு மேலே ஸ்பேனரை விட்டுவிட்டு வந்தேனோ என்று சந்தேகம் வந்தால் பாதி வழியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு போகிற ஆள் நான். யார் தலையில் என்ன விழும் என்று எனக்குத் தெரியும். இதில் மட்டும், பேசாமல் வீட்டுக்கு வா என்று அவளைக் கையைப் பிடித்து இழுத்தவன் நான்தான்.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் என் மனைவி விஷயத்தைப் பூசி மெழுகினாள். "போன வகுப்புல உங்களுக்குத் தெரியாம ஒரு போனஸ் பொய் வச்சிருந்தேன், ஒருத்தரும் கண்டுபிடிக்கல" என்று சொல்லி ராணித் தேனீ கதையைச் சரிசெய்தாள். பிள்ளைகள் அதற்கும் கைதட்டினார்கள். சந்தேகம் அன்று வரவில்லை. வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது நான், "பாத்தியா, முடிஞ்சுபோச்சு" என்றேன். அன்றிரவு அவள் சாப்பிடவில்லை என்பதை நான் கவனித்தும் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் வாசல் மணி அடித்தது. சந்தேகம்தான். கையில் இரவல் வாங்கிய புத்தகங்கள். நான் டீ போட எழுந்தேன், வேண்டாம் சார் என்றாள். என் மனைவிக்கு எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டாள்.

"கிடைக்கல மேடம். இன்னிக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டாங்க."

"என்னம்மா கேட்டாங்க?"

"எல்லாம் நல்லாத்தான் போச்சு. கொட்டுறதைப் பத்திக் கேட்டாங்க. ராணியும் ஒரு தடவை கொட்டினா செத்துரும்னு சொன்னேன். அப்ப கூட்டுல ரெண்டு மூணு ராணி பொறந்தா, ஒரு ராணி மத்ததையெல்லாம் எப்படிக் கொட்டிக் கொல்லுதுன்னு கேட்டாங்க. எனக்குப் பதில் வரல."

என் மனைவி தரையைப் பார்த்தாள்.

"போனஸ் பொய்னு பிள்ளைங்க சொன்னாங்க மேடம். நீங்க எப்பவும் ஒண்ணுதான் வைப்பீங்க. அன்னிக்கு மட்டும் எதுக்கு ரெண்டு?"

நான் அடுப்படி வாசலில் நின்றேன். காலி டம்ளர் கையில் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"ரெண்டு இல்லம்மா" என்றாள் என் மனைவி. "ஒண்ணுதான் வச்சேன். அது ராணி. முட்டை விஷயம் நான் வாய்தவறிச் சொன்னது. துறைத் தலைவர் உக்காந்திருந்தாரு. ஒத்துக்க எனக்குத் தைரியம் வரல."

"அது எனக்கு அப்பவே தோணுச்சு மேடம். நீங்க வைக்கிற பொய் அவ்வளவு லேசா இருக்காது." அவள் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. புத்தகங்களை மடியில் அடுக்கிக்கொண்டே அடுத்ததைக் கேட்டாள். "ஞாயித்துக்கிழமை நான் போன் பண்ணினேனே. அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"சரி மேடம்."

என் மனைவி சட்டென்று எழுந்தாள். தேர்வுக் குழுவில் இருந்த ஒரு அம்மாள் அவளோடு படித்தவர். சிபாரிசு கேட்டதாக ஆகிவிடும் என்று இத்தனை நாள் அவரோடு பேசாமல் இருந்தவள், இப்போது எங்கள் கண் முன்னாலேயே போன் போட்டாள். தப்பு என் மேல், தெரிந்தே தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டு அதைத் திருத்தாமல் விட்டேன், அந்தப் பெண்ணுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள் என்று நின்றபடியே கெஞ்சினாள். அப்புறம் அந்தப் பக்கம் சொல்வதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். வெகு நேரம் கேட்டாள். போனை வைத்தபோது அவள் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை.

"என்ன சொன்னாங்க மேடம்?" என்றாள் சந்தேகம்.

நான் முந்திக்கொண்டேன். "இடம் நிரம்பிருச்சாம்மா. வேற ஒண்ணுமில்ல." அங்கே என்ன சொன்னார்கள் என்று எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. வாயில் தானாக வந்துவிட்டது.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் என் மனைவி. எங்கள் கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தக் குரலில் அவள் என்னிடம் பேசியதில்லை. பிறகு அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"தப்பான பதில் சொன்னதுக்காக உன்ன வேண்டாம்னு சொல்லலையாம்மா. உன் வயசுல எல்லாரும் தப்பாத்தான் சொல்லுவாங்க, அது பெரிசில்லைன்னு சொன்னாங்க. இது உனக்கு எப்படித் தெரியும்னு கேட்டாங்களாமே. எங்க மேடம் சொன்னாங்கன்னு சொன்னியாம். தேடிப் பாத்தியான்னு கேட்டதுக்கு, தேவைப்படலன்னு சொன்னியாம். யாராவது சொன்னா அப்படியே நம்புற பொண்ண வச்சுக்கிட்டு நாங்க என்ன ஆராய்ச்சி பண்றதுன்னு கேக்கிறாங்க."

ஊரெல்லாம் 'சந்தேகம்' என்று கூப்பிடுகிற பெண்ணை, எதையும் நம்பிவிடுகிறவள் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதை மறுத்துப் பேச எங்கள் வீட்டில் யாருக்கும் வாய் இல்லை.

சந்தேகம் புத்தகங்களை மேஜையில் வைத்தாள். எழுந்து வாசலுக்குப் போய், செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினாள்.

"ராணி விஷயம் வகுப்புலயே எனக்கு இடிச்சுது மேடம். கேக்கணும்னு கைகூட பாதி தூக்கினேன். அதான் பொய்யப் புடிச்சாச்சே, இது மேடம் சொல்றதுதானேன்னு கைய எறக்கிட்டேன். வேற யாரு சொல்லியிருந்தாலும் தேடிப் பாத்திருப்பேன்."

அதை அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் எங்களுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.