ரெண்டாவது கருமாதி

நேத்து எங்க வூட்டுக்காரரு வேடியப்பனுக்குக் கருமாதி. கச்சிராயபாளையத்துல பாதி சனம் எங்க பந்தல்லதான் கெடந்துது. தாலி கழட்ட என் நாத்தனா குஞ்சம்மா பக்கத்துல வந்தா. அவளும் தாலியறுத்தவ, மொறைக்கி அவதான் கழட்டணும்.

"தொடாத"ன்னேன்.

"இன்னா அண்ணி இது? எல்லாரும் காத்துக்கினு கெடக்கறாங்க."

"கெடக்கட்டும். ஒரே ஆளுக்கு எத்தினி தபாடி அறுப்பீங்க?"

வயசானவங்களுக்கு வெவரம் தெரியும். சின்னதுங்கதான் திருதிருன்னு முழிச்சிக்கினு இருந்துதுங்க.

சீனாக்காரன் சண்டையப்ப அவரு பட்டாளத்துல இருந்தாரு. எனக்குப் பதினேழு வயசு, கண்ணாலம் ஆயி ஒரு வருசம்கூட ஆவல. ஆளக் காணோம்னு தந்தி வந்துது. காணோம்னா காணோம்தான? எங்க ஊரு பெரிய மனுசங்களுக்கு அது வெளங்கல. ஆடு மாடு காணாமப் போவும், பட்டாளத்துக்காரன் எங்க காணாமப் போவான், செத்துட்டான்னுதான் அர்த்தம்னு அவங்களே பேசி முடிச்சாங்க. மாமியா காசியம்மா ரெண்டு மாசம் பொறுத்துப் பாத்துச்சி. அப்பால பொணமே இல்லாம கருமாதி நடந்துது. அவரு வருவாரு, வருவாருன்னு நான் கத்தனேன். ரெண்டு பொம்பளைங்க என் கையப் புடிச்சிக்கினாங்க, மாமியாவே அறுத்துச்சி. அந்த நேரத்துல அவரு எங்கயோ பனியில, சீனாக்காரன் செறையில, உசுரோட இருந்துருக்காரு.

வெயில் காலத்துல ஒருநாள் வாசல்ல வந்து நின்னாரு. எலும்பும் தோலுமா, அடையாளமே தெரியல. என் வெறுங்கழுத்தப் பாத்துட்டு, "யாரு செத்துட்டாங்க?"ன்னு கேட்டாரு.

"நீங்கதான்"னேன். வேற இன்னா சொல்றது?

மாரியம்மன் கோயில்ல வச்சி மறுபடியும் தாலி கட்டனாரு. ஆனா முழு ஆளா அவரு திரும்பி வரவே இல்லீங்க. தீவாளி வெடிச் சத்தம் கேட்டாப் போதும், வெள்ளிமலைக்கு ஓடிப் பூடுவாரு. அங்க யாரு வூட்டு சாமப் பயிருக் கொல்லையிலயாவது காவலுக்குக் குந்திக்கினு இருப்பாரு. மொதல்ல நடந்தே மல ஏறிப் போயி கூட்டியாருவேன், அப்பால பஸ்ஸு ஜீப்புன்னு ஆச்சி. இந்தத் தபா பொணமாத்தான் பாப்பனோன்னு ஒவ்வொரு தபாவும் நெனச்சிக்கினேதான் ஏறுவேன். எழுவது வயசு தாண்டியும் இதே ஓட்டம்தான். கடைசியில அவரு பாயில வுழுந்தாரு. அப்பறம் மூணு வருசம் பீ மூத்திரம் அள்ளனேன். மவ அம்சவள்ளி மாத்தி மாத்திப் பாத்துக்கலாம்னுதான் சொன்னா. நான் கண்ணு அசந்த நேரத்துல அவரு போயிட்டா இன்னா பண்றதுன்னு நான் வுடல. சலிச்சிப் போச்சி சாமி.

குஞ்சம்மா கெஞ்சனா. "உன் மடியிலதான அண்ணி அண்ணன் உசுரு போச்சி? நீதான வாய்க்கரிசி போட்ட? இந்தத் தபா திரும்பி வரமாட்டாரு."

"தெரியும்டி. அன்னைக்கி ஊரே சொல்லி ஊரே அறுத்துச்சி. இன்னைக்கும் நீங்களே சொல்லி நீங்களே அறுத்துட்டா, அப்ப நான் யாரு? இத்தினி வருசம் அவரோட குப்ப கொட்டனவ நானு. செத்துட்டாருன்னு நான் சொல்லணும்."

"சரி, சொல்லு அண்ணி."

வாயத் தொறந்தேன், வார்த்த வரல. அவரு போனதுலேருந்து அந்த வார்த்தைய நான் ஒருதபாகூடச் சொல்லலன்னு அப்பதான் ஒறச்சிது. சொல்லிட்டா அவரு நெசமாவே பூடுவாருன்னு பயம். பந்தியில எல போட்டுக்கினு இருந்தவங்ககூட அப்பிடியே நின்னுட்டாங்க. யாரும் என்ன அவசரப்படுத்தல.

நானே கழுத்துல கைய வச்சிக் கழட்டனேன்.

"செத்துட்டாரு"ன்னேன்.

குஞ்சம்மா ஓன்னு அழுதா. பின்னாலயே எல்லாரும் அழுதாங்க. என் அண்ணன் மவன் பொறந்த வூட்டுக் கோடிச் சேலையக் கொண்டாந்து என் மேல போத்தனான். எனக்கு அழுகையே வரல. அத்தினி சத்தத்துல, அம்சவள்ளி தோள்ல சாஞ்சி, குந்துன எடத்துலயே தூங்கிப் பூட்டேன்.