கடைக்காரர் சொன்னதற்கு நேர்மாறாக

"இந்த ஞாயித்துக்கிழமையும் தோத்தோம்னா, அடுத்த வாரத்துலேருந்து நான் சம்பந்தியம்மாகூட சேர்ந்து ஆடப்போறேன். நீங்க சம்பந்திகூட சேர்ந்துக்குங்க."

மனைவி இதைச் சொன்னபோது திரைச்சீலைக்காரர் கையிலிருந்த மீட்டர்க் கோல் பாதித் துணியில் நின்றுவிட்டது.

கடையில் அவர் வாசல் பக்கம், அவள் பின் அறையில் வெட்டுமேஜைப் பக்கம். நடுவே கூரை வரை துணி உருளைகள். நாள் முழுக்க இருவருக்கும் நடக்கும் பேச்சு, "மூணு மீட்டர், ரெண்டு மடிப்பு!" "லைனிங் உண்டா, இல்லையா?" என்ற அளவில்தான். வாரத்தில் ஒரு காலைப்பொழுது மட்டும் டென்னிஸ் மைதானத்தில் இருவரும் வலைக்கு ஒரே பக்கத்தில் நிற்பார்கள். பந்து அவர் தலைக்கு மேல் போகும்போது அவள், "விட்டுடுங்க, நான் பாத்துக்கறேன்!" என்று கத்துவாள். அதைக் கேட்கவே அவர் ஷூவுக்கு வெள்ளை பூசிக்கொண்டு போவார். அந்த இடத்தைப் பறிகொடுப்பதா?

எதிராளி, மகளைக் கட்டிக்கொடுத்த இடம். சம்பந்தி டைல்ஸ் கடைக்காரர். வாயும் பளபளவென்று இருக்கும். போன வாரம் கைகுலுக்கும்போது, "பொண்ணையும் குடுத்துட்டீங்க, செட்டையும் குடுத்துட்டீங்க. வேற ஏதாவது பாக்கி இருக்கா சம்பந்தி?" என்று கேட்டுவிட்டார்.

தோல்விக்குக் காரணம் பழைய மட்டைகள் என்று திரைச்சீலைக்காரர் தீர்ப்பு எழுதினார். மனைவி மறுக்கவில்லை. புதுசாக இரண்டு வாங்குவதென்று முடிவாயிற்று.

விளையாட்டுச் சாமான் கடைக்காரர் வழுக்கைத் தலையர், காதிடுக்கில் பென்சில். வந்தவர்களை உட்கார வைத்து விலைப்பட்டியல் வாசிக்காமல், கடைக்குப் பின்னாலிருந்த சுவருக்குக் கூட்டிப்போய் ஆளுக்குக் கொஞ்ச நேரம் பந்தடிக்கச் சொன்னார். கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு உள்ளே போய் இரண்டு மட்டைகள் கொண்டுவந்தார்.

"சார், இது உங்களுக்கு." அகலத் தலை, ஆரஞ்சு விளிம்பு. "தலை பெருசு, வெயிட் கம்மி. பந்து ஓரத்துல பட்டாக்கூட கோவிச்சுக்காம அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்துடும். அம்மாவுக்கு இது." கறுப்பு, ஒல்லிச் சட்டம், சின்னத் தலை. "இது சொன்ன பேச்சு கேக்கும். ஆனா நட்ட நடுவுல படணும், இல்லைன்னா பந்து செத்து விழும். அம்மாவுக்கு நடுவுலதான் படுது. அவங்க வீசுற வீச்சுக்கு அகலமானதைக் குடுத்தா பந்து பக்கத்துத் தெருவுல போய் நிக்கும்."

"விலை?"

சொன்னார். ஆரஞ்சு மலிவு. கறுப்பு எக்கச்சக்கம்.

திரைச்சீலைக்காரரின் கண்கள் சுருங்கின. பிறந்ததிலிருந்து பேரம் கேட்டு வளர்ந்த காது அவருடையது. விலை கூடின சரக்கைத் தலையில் கட்டுகிற கடைக்காரனைப் பார்த்திருக்கிறார். அவரே அதில் கைதேர்ந்தவர். விலை குறைந்ததை எடு என்று சிரித்த முகமாகச் சொல்கிறவன் புது ரகம். ஆரஞ்சு மட்டையின் நரம்புகளைக் கட்டைவிரலால் நெருடினார், பருத்தியா பாலியஸ்டரா என்று பார்ப்பதுபோல. மனைவியை ஓரமாக இழுத்தார்.

"பாத்தியா? முதல்ல நீட்டுற சரக்கு போன வருஷத்து மிச்சம். நம்ம கடைப் பழுப்புப் பூப்போட்டது மாதிரி. எனக்கு மட்டமானதைத் தள்ளிட்டு, உங்கிட்ட பவுசு காட்டுறான். இவன் என்ன சொல்றானோ அதுக்கு நேர்மாறா எடுத்தா நாம ஜெயிச்சோம்."

"ஆடப்போறது நாமளா, அவரா?"

"அதான் சொல்றேன்!"

அவள் கணவனை ஏற இறங்கப் பார்த்தாள். கத்தரி பாதித் துணியில் போய்க்கொண்டிருக்கும்போது கையைப் பிடித்து இழுக்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். "சரி, உங்க இஷ்டம்."

கறுப்பு அவருக்கு, ஆரஞ்சு அவளுக்கு. பேரத்தில் ஒரு டப்பா பந்தும் மணிக்கட்டுப் பட்டைகளும் கொசுறாக வந்தன. கடைக்காரர் வாசல்வரை வந்து, "ஒரு தடவை மாத்திப் பிடிச்சுப் பாருங்க சார்" என்றார்.

"பாவம், கடைசிவரைக்கும் விடலையே!" என்று காரில் ஏறியதும் திரைச்சீலைக்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார். வழியெல்லாம் விசில்.

ஞாயிறு காலை. கறுப்பு மட்டையை உறையிலிருந்து உருவியபோது சம்பந்தியே ஒரு கணம் வாயடைத்துப் போனார். ஆட்டம் தொடங்கியதும் வாய் திறந்துகொண்டது.

முதல் பந்து சட்டத்தில் பட்டுக் காலடியில் விழுந்தது. அடுத்தது வலைக்குள். அதற்கடுத்தது பக்கவாட்டில் போய், சம்பந்தியம்மா மூடிவைத்திருந்த தண்ணீர்க் கூஜாவைச் சாய்த்தது. அவருக்குப் பக்கத்தில் மனைவி அழகாக, நடுமட்டையில், கச்சிதமாக அடித்தாள். ஒவ்வொன்றும் கோட்டைத் தாண்டி வேலியில் மோதியது.

"சம்பந்தி, அது வலை. உங்க கடைத் திரைச்சீலைன்னு நெனச்சு அதுலயே குத்திக்கிட்டு இருக்கீங்களே!"

முதல் செட்டில் அவர்களுக்கு ஒரே ஒரு கேம் கிடைத்தது. அதுவும் சம்பந்தி தும்மியதால்.

பெஞ்சில் உட்கார்ந்ததும் திரைச்சீலைக்காரர் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார். எதிர்ப்பக்கம் சம்பந்தியம்மா உற்சாகமாக இவர் மனைவியைப் பார்த்துக் கையசைத்தாள். அடுத்த வாரக் கூட்டணி அவர் கண்ணெதிரே உருவாகிக்கொண்டிருந்தது.

"என்னங்க, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு. இனிமே என்ன."

"கைக்குழந்தை இருக்கற வீட்டம்மா வந்து வெள்ளைப் பட்டுத் திரை கேட்டா என்ன சொல்வீங்க?"

துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "வேணாம்மா, கறை தெரியாத துணியா எடுத்துக்கன்னு சொல்வேன்."

"அது விலை கம்மிதானே?"

"கம்மிதான். ஆனா அந்தம்மா சந்தோஷமா திரும்பி வரணுமே."

"அப்ப நீங்க பொய் சொல்றீங்களா?"

துண்டு இடவலமாக ஆடியது.

"இன்னொண்ணு. அந்த வழுக்கைத் தலையர்கிட்ட நாம ரெண்டு மட்டையும்தானே வாங்கினோம்? எதை யார் பிடிச்சா அவருக்கு என்ன லாபம்?"

துண்டு மெல்லக் கீழே இறங்கியது. பேரம் பேசிப் பழுத்த அந்த முகத்தில், சில்லறையை எண்ணி முடித்தபின் தன் கணக்கே தப்பு என்று கண்டுபிடித்தவனின் களை. அவர் கறுப்பு மட்டையின் பிடியை அவள் பக்கம் நீட்டினார். அவளும் ஆரஞ்சை நீட்டினாள்.

"ஆரஞ்சு உங்களுக்கு எடுப்பா இருக்கு" என்றாள்.

"போ போ, பந்தைப் போடு."

அதன்பின் நடந்ததைச் சம்பந்தி இன்றுவரை ஒப்புக்கொள்வதில்லை. திரைச்சீலைக்காரரின் வீச்சு மாறவில்லை. அதே அவசரம், அதே கோணல். ஆனால் ஓரத்தில் பட்ட பந்துகூட வலையின் மேல் சற்று யோசித்துவிட்டு அந்தப் பக்கம் விழுந்தது. மனைவியின் கையில் கறுப்பு மட்டையோ, சாக்பீஸ் கோட்டின்மேல் கத்தரி போகிற மாதிரி, பந்தை ஓரக்கோட்டை ஒட்டியே அனுப்பியது. சம்பந்தி இடம்வலமாக ஓடி, கிண்டலுக்கு வைத்திருந்த மூச்சையெல்லாம் அதிலேயே செலவழித்தார். இரண்டாவது செட் இவர்களுக்கு.

மூன்றாவதில் கடைசிப் புள்ளி. சம்பந்தி தூக்கியடித்த பந்து திரைச்சீலைக்காரரின் தலைக்கு நேர் மேலே வந்தது. பழக்கத்தில் அவர் விலகப்போனார்.

"உங்களுது!" என்று அவள் கத்தினாள். "நீங்களே எடுங்க!"

அவர் கண்ணை மூடிக்கொண்டு வீசினார். ஆரஞ்சு விளிம்புக்குப் பக்கத்தில் எங்கோ பட்டது. 'டொப்' என்ற அந்த அசிங்கமான ஓசையைவிட இனிய சங்கீதத்தை அவர் கேட்டதில்லை. பந்து சம்பந்தி தம்பதிக்கு நடுவே விழுந்தது. "உன்னுது!" "இல்ல, உங்களுது!" என்று அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது முறையும் குதித்தது.

கணவனும் மனைவியும் மைதானத்தின் நடுவில் மட்டைகளோடு கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மகள் பார்த்திருந்தால் வெட்கப்பட்டிருப்பாள்.

கைகுலுக்க வந்த சம்பந்தி வலையைப் பிடித்துக்கொண்டு மூச்சைச் சேர்த்தார். "சம்பந்தி, எந்தக் கடை? எனக்கு எது நல்லதுன்னு சொல்லுங்க."

வென்ற மனம் தாராளமாக இருந்தது. திரைச்சீலைக்காரர் உள்ளதை உள்ளபடி சொன்னார். "நம்மள மாதிரி வாரத்துக்கு ஒருநாள் ஆடுறவங்களுக்கு அகலமானதுதான் சம்பந்தி. விலையும் கம்மி."

டைல்ஸ்காரரின் கண்கள் சுருங்கின.

"விலையும் கம்மியா?" இழுத்தார். பின்னால் திரும்பினார். "ஏம்மா, ஒல்லியா கறுப்பா ஒண்ணு இருந்துதே, அதுல ரெண்டு வாங்கறோம்!"

"அவர் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்களேன்" என்றாள் சம்பந்தியம்மா.

"உனக்கு வியாபாரம் தெரியாது, சும்மா இரு. ஜெயிச்ச மனுஷன் நமக்கு நல்ல சரக்கைக் காட்டுவானா?"

திரைச்சீலைக்காரர் மறுக்க வாயைத் திறந்தார். பக்கத்தில் நின்ற மனைவி அவர் காலை மெல்ல மிதித்தாள்.

"விட்டுடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று முணுமுணுத்துவிட்டு, முகம் மலர வலைப் பக்கம் திரும்பினாள். "அடுத்த ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு சம்பந்தி? நாங்க ரெண்டு பேரும் வந்துடறோம்."